ஆண்டவர் மன்னித்துவிட்டார், மனைவி மன்னிக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

நான் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவன். குடியில் சீரழிந்து கிடந்த என்னை ஆண்டவர் மன்னித்து மீட்டெடுத்தார். அந்த நன்றியை என்னால் அடக்கிவைக்க முடிவதில்லை. சபையின் அறுப்பின் பண்டிகையிலும் உபவாசக் கூட்டங்களிலும் எழுந்து நின்று, ஆண்டவர் என்னை மீட்ட கதையைச் சாட்சியாகச் சொல்கிறேன். மனைவியை அடித்ததையும் அவள் நகைகளை விற்றுக் குடித்ததையும்கூட மறைப்பதில்லை. கேட்பவர்கள் கண்கலங்குகிறார்கள். அவளோ மணிக்கட்டுத் தழும்பை முந்தானையால் மூடிக்கொண்டு, தலைகவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரு ஸ்தோத்திரம்கூடச் சொல்வதில்லை. வீட்டிலும் கேட்டதற்கு மட்டுமே பதில். பதினாயிரம் தாலந்துக் கடன் மன்னிக்கப்பட்டவன், தன் உடன்வேலைக்காரனின் நூறு வெள்ளிப்பணத்தை மன்னிக்காத உவமையை வாசித்துக் காட்டியும் மனம் இளகவில்லை. ‘ஆண்டவர் மன்னிக்கும் முன் அம்மாவிடம் கேட்டாரா அப்பா?’ என்று கல்லூரியில் படிக்கும் மகள் ஒருநாள் கேட்டாள். சின்னப்பெண், விவரம் தெரியாமல் கேட்கிறாள். ஆண்டவரே மன்னித்ததை மனைவி மன்னிக்க மறுப்பது எந்த விதத்தில் நியாயம்?

அன்புள்ள சகோதரருக்கு,

நீங்கள் குடியை விட்டது பெரிய காரியம். உங்களுக்குக் கிடைத்த மன்னிப்பையோ உங்கள் நன்றியையோ நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் உங்கள் மகள் விவரம் தெரியாமல் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அவள் ஆண்டவரைக் குறைசொல்லவில்லை. ‘நீங்கள் அம்மாவிடம் கேட்டீர்களா?’ என்பதைத்தான், உங்களைப் புண்படுத்தாமல் சுற்றிவளைத்துக் கேட்டிருக்கிறாள். நீங்கள் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. சபையார் முன் அறிக்கையிட்டதையே, அவரிடம் மன்னிப்புக் கேட்டதற்குச் சமமாக எண்ணிவிட்டீர்கள்.

உங்கள் மனைவி பட்ட அடி அவருடைய வாழ்க்கையில் நடந்தது. அதை ஊரறியச் சொல்லலாமா என்று அவரைக் கேட்காமலேயே, ஒவ்வொரு கூட்டத்திலும் உங்கள் மீட்பின் கதையாகச் சொல்லி வருகிறீர்கள். உங்களுக்கு அது நன்றிப் பலி; அவருக்கோ பலர் பார்வையில் மறுபடியும் அதே இரவு. தழும்பை மூடுகிறவரிடம் ஸ்தோத்திரத்தை எதிர்பார்ப்பது கொடுமை.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் வரும் அந்த உவமையை மனைவிக்கு வாசித்துக் காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் பெருங்கடன் மன்னிக்கப்பட்டவர் நீங்கள். மன்னிக்கப்பட்ட கையோடு வெளியே வந்து, ‘எனக்குத் தரவேண்டியதைத் தா’ என்று இன்னொருவரின் தொண்டையைப் பிடிப்பவரும், வருத்தத்தோடு சொல்கிறேன், நீங்கள்தான். மன்னிப்பைக்கூட அவர் உங்களுக்குப் பட்ட கடன்போல வசூலிக்கப் பார்க்கிறீர்கள். பைபிளில் வரும் வரி வசூலிப்பவன் சகேயுவை நினைத்துப் பாருங்கள்: இயேசு தன் வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் அவன், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காய்த் திருப்பித் தருகிறேன் என்றான். அவனுடைய நன்றி, அவனிடம் இழந்தவர்களை நோக்கித் திரும்பியது.

மனைவியைக் குறித்த சாட்சியை, அவராகச் சம்மதிக்கும்வரை நிறுத்திவையுங்கள். உவமையோ வசனமோ இல்லாமல், செய்தவற்றைச் சொல்லி அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். விற்ற நகைகளுக்கு ஈடாக அவர் பெயரில் மாதந்தோறும் ஏதாவது போட்டுவாருங்கள். அவர் பதில் சொல்லாமல் போகலாம், கோபமாகப் பேசலாம், கேட்டுக்கொள்ளுங்கள். மகளிடம், ‘நான் கேட்கவில்லை, நீ கேட்டது சரி’ என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.