'போர்ட் போச்சு' என்றால் நம்பிவிடலாமா?

கேள்வி: மகன் உயர்தரம் படிக்கிறான். ஐந்து வருடத்துக்கு முன் அவனுக்கு வாங்கிக் கொடுத்த டெஸ்க்டொப், போன கிழமை கரண்ட் போய் வந்ததிலிருந்து வேலை செய்வதில்லை. பட்டனை அமத்தினால் விசிறி சுற்றுகிறது, லைட்டும் எரிகிறது. திரையில் மட்டும் ஒன்றும் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனோம். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "போர்ட் போச்சு அம்மா, இந்த மொடல் இப்ப வாறேல்ல. போர்ட், புரொசசர், ரெம் மூண்டையும் மாத்தத்தான் வேணும்" என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: இப்போதைக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். போர்ட் (எல்லாப் பாகங்களும் பூட்டியிருக்கும் மதர்போர்ட்) போயிருக்கவும் கூடும். ஆனால் ஐந்து நிமிடத்தில் அதைச் சொல்லிவிட முடியாது.

"ஓன் ஆகுதில்லை" என்று எல்லோரும் சொல்கிறோம். அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் விஷயம். பட்டனை அமத்தியும் சத்தமே இல்லை என்றால் கரண்ட் உள்ளே போகவில்லை: சுவர் பிளக், வயர், பெட்டியின் பின்புறச் சின்ன சுவிட்ச், பவர் சப்ளை என்று பார்த்துக்கொண்டு போக வேண்டும். கம்பனியின் பெயர் திரையில் வந்து அதோடு நின்றால், ஹார்ட் டிஸ்க் பக்கம் சந்தேகப்படலாம். உங்களுடையது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. விசிறி சுற்றுகிறது, படம் இல்லை.

இந்த நிலையில் முதலில் பார்க்க வேண்டியது மொனிட்டரும் அதன் கேபிளும். சில வருடங்களுக்கு முன் நானே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு 100ஆம் நம்பர் பஸ்ஸில் பம்பலப்பிட்டிக்குப் போயிருக்கிறேன். கடையில் அவர்களுடைய மொனிட்டரில் பூட்டியதும் அழகாக ஓடியது. பழுது என் வீட்டு மேசைக்குப் பின்னால், அரைவாசி கழன்ற கேபிளில். உங்கள் பெட்டியைக் கடைக்காரர் தன் மொனிட்டரில் பூட்டிப் பார்த்தாரா என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். பார்த்தார் என்றால் அடுத்தது ரெம், அதாவது போர்டில் செருகியிருக்கும் நினைவகத் துண்டு.

கடற்கரைப் பக்கத்து வீடுகளில் ஜன்னல் கம்பி என்ன பாடுபடுகிறது என்று வெள்ளவத்தைக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதே உப்புக்காற்றுத்தான் பெட்டிக்குள்ளும் போகிறது. ரெம் துண்டின் ஓரத்தில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள் இருக்கும். அவற்றில் மங்கலாக ஒரு படலம் பிடித்தாலே தொடுப்பு விட்டுப்போகும். ஓடிக்கொண்டிருக்கும் வரை எப்படியோ சமாளிக்கும். நின்று, ஆறி, மறுபடி தொடங்கும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

மகனைக் கொண்டே செய்விக்கலாம். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பவர் பட்டனைப் பத்து வினாடி அமத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். மிச்சக் கரண்ட் இறங்கிவிடும். பக்கத்துத் தகட்டைத் திறந்து, பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, ரெம்மின் ஓரப் பிடியைத் தள்ளினால் துண்டு மேலே எழும்பும். பள்ளிக்கூடப் பென்சில் அழிரப்பரால் அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்து, தூளைத் தூரிகையால் தட்டிவிட்டு, பிடி 'டிக்' என்று விழும் வரை திருப்பி அமத்த வேண்டும். இரண்டு துண்டு இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை. போர்டில் நாணயம் போல ஒரு பற்றரி இருக்கும்: சீஆர்2032, 3 வோல்ட். ஐந்து வருடமாகிவிட்டது, அதையும் மாற்றிவிடுங்கள். மலிவான சாமான்தான், அதைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டால் போர்டின் அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆளை உதறும் அளவு கரண்ட் தங்கியிருக்கும்.

அதற்கும் சரிவராவிட்டால் எனக்குப் பவர் சப்ளையில்தான் சந்தேகம். விசிறி சுற்றுகிறதே என்பீர்கள். விசிறிக்கு 12 வோல்ட் இருந்தால் போதும். போர்டுக்கு 5, 3.3 வோல்ட்டும் ஒழுங்காக வர வேண்டும். கரண்ட் போவதைவிட அது திரும்பி வரும் நேரத்து ஏற்ற இறக்கம்தான் இந்தப் பெட்டியைக் கெடுப்பது. 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்ட ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கும். குரங்கு வராத நாளிலும் பழக்கம் ஒன்றுதான்: கரண்ட் போனால் பிளக்கைக் கழற்றுங்கள், வந்து ஐந்து நிமிடம் கழித்துப் பூட்டுங்கள்.

பிறகு கடைக்குப் போங்கள், முடிந்தால் வேறு கடைக்கு. "போர்ட் போச்சு" என்றால், "வேற பவர் சப்ளை, வேற ரெம் போட்டுப் பாத்தீங்களா? எனக்கு முன்னால ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். நல்ல பாஸ் கோபிக்க மாட்டார், பத்து நிமிடத்தில் காட்டிவிடுவார். பார்க்கும் கூலி எவ்வளவு, திருத்தினால் அது கழியுமா என்பதையும் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியை விட்டுவிட்டு வருவதென்றால் ரெம், டிஸ்க் இரண்டின் லேபிளையும் போனில் படம் எடுத்து, அந்த நம்பர்களைப் பற்றுச்சீட்டிலும் எழுதுவிக்க வேண்டும். எட்டு ஜீபி கொடுத்து நாலு ஜீபியோடு வீடு வந்த கதைகள் எனக்கு வரும் கடிதங்களில் உண்டு.

மகனின் பாடக்குறிப்புகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். போர்ட் செத்தாலும் டிஸ்க் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். அதைக் கழற்றி யூஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டால் இன்னொரு கொம்பியூட்டரில் திறக்கலாம். போர்மட் அடிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், பற்றுச்சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் வாங்கிய லெப்டொப், ஒரு வருட வொரன்டி. பட்டனை அமத்தினால் வெள்ளை லைட் ஒருதரம் மின்னி அணைகிறது. கடையில், "உள்ளுக்கு எரிஞ்ச அடையாளம் இருக்கு, வொரன்டி இல்ல" என்கிறார்கள். நாங்கள் தண்ணீர் ஒன்றும் ஊற்றவில்லை.
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை முப்பது வினாடி விடாமல் அமத்திப் பிடித்துவிட்டு, கூட வந்த சார்ஜரைப் பூட்டித் தொடங்குங்கள். போன் சார்ஜர் சரிவராது, அதன் வலு லெப்டொப்புக்குக் காணாது.

இனி வொரன்டி. எரிந்த தழும்பு, துரு, உடைவு ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்று கொழும்புக் கடைப் பில்களின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். சில பில்களில் வருடம் என்றால் 350 நாள் என்றும் இருக்கும், கலண்டரை அவர்களே அச்சடித்த மாதிரி! ஆனால் தழும்பு இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது. திறந்து காட்டச் சொல்லுங்கள், படம் எடுங்கள், மறுக்கும் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் நீங்களே திகதி போட்டு அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

அடுத்த படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளைப் பற்றி முறையிட இடம் தருகிறது. விசாரித்து, நட்டஈடு கொடு, பொருளை மாற்று, காசைத் திருப்பு என்று கட்டளையிடவும் அவர்களால் முடியும். விசாரிப்பதற்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள், பில்லின் பிரதியோடு, இந்தக் கிழமையே. முறையிடக் காலக்கெடு உண்டு. வாங்கி எட்டு மாதமாகிவிட்டதால் அது உங்களுக்கு இன்னும் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள், கடையோடு இழுபட்டு நாளைக் கழிக்காதீர்கள். இடையில் வெளியாள் யாரிடமும் கொடுத்துத் திறக்கவும் வேண்டாம். அதையே சாட்டாகச் சொல்லி கை கழுவிவிடுவார்கள்.

ஒன்று மறந்துபோகும்: போர்டை மாற்றித் தந்தால், விண்டோஸ் திறக்கும்போது 48 இலக்கத்தில் ஒரு சாவி (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கரின் மீட்புச் சாவி) கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் அது பதிந்திருக்கிறதா என்று போனில் இப்போதே பார்த்து எழுதி வையுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 10ஐ நிறுத்திவிட்டதால்தான் என் கொம்பியூட்டர் தொடங்குவதில்லை, புதிது எடுக்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?
- வாசகர், தெஹிவளை

பதில்: இல்லை. 2025 ஒக்டோபர் 14ஓடு நின்றது வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள்தான். அதற்காக எந்தக் கொம்பியூட்டரும் தொடங்காமல் விடாது. வட்டம் சுற்றிக்கொண்டே நின்றால், சுற்றும்போதே பவர் பட்டனை அமத்தி அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று தரம் செய்தால் திருத்தும் திரை தானாக வரும். அங்கே 'ஸ்டார்ட்அப் ரிப்பெயர்' என்பதைத் தெரிவு செய்து, தேநீர் குடித்துவிட்டு வந்து பாருங்கள்.