டபிள் கெப்பின் டிபரன்சியல் ஒயிலை வீட்டிலேயே மாற்றலாமா?

யாழ்ப்பாணத்தில் பழைய ஹைலக்ஸ் டபிள் கெப் ஒன்று வைத்திருக்கிறேன், பின் டிபரன்சியல் ஒயிலை கராச்சுக்குப் போகாமல் நானே மாற்றலாமா, எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக மாற்றலாம். டிபரன்சியல் என்பது அச்சின் நடுவில் இருந்து இஞ்சினின் சுழற்சியைச் சில்லுகளுக்குக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி. இஞ்சின் ஒயில் மாற்றுவதைவிடச் சுலபம். ஃபில்டர் இல்லை, கெப் உயரமான வாகனம் என்பதால் ஜாக் வைக்காமலே கீழே படுத்து வேலை செய்யலாம். கிலோமீற்றர் என்று பார்த்தால் 40,000 வாக்கில் மாற்றுவது பொதுவான வழக்கம். ஆனால் எங்கள் ஊரில் நான் முதலில் கேட்பது வேறு: இந்த மாரியில் வாகனம் எவ்வளவு ஆழத் தண்ணீருக்குள் போனது?

காரணம் இதுதான். ஓடிக் களைத்த வாகனத்தின் டிபரன்சியல் நல்ல சூட்டில் இருக்கும். அப்படியே வெள்ளத்துக்குள் இறக்கினால் சட்டென்று குளிர்ந்து உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும்போது வெளியில் இருந்து எதையாவது இழுக்கத்தான் செய்யும். அதற்காகவே அச்சுக் கூட்டின் மேல் பக்கத்தில் பிறீதர் என்று ஒரு சின்ன மூடி வைத்திருக்கிறார்கள். அது சேறு பிடித்து அடைபட்டிருந்தால் சீல் ஓரத்தால் தண்ணீர் உள்ளே போகும். அடைபடாமல் இருந்தாலும், அந்த மூடியே தண்ணீருக்குள் தாழ்ந்தால் அதன் வழியாகவும் போகலாம். 2024 நவம்பர் வெள்ளத்தில் முழங்காலளவு தண்ணீருக்குள் ஓடிய வாகனங்கள் எத்தனை! படகு இறக்கக் கடலுக்குள் பின்பக்கமாக விடுகிற கெப்களுக்கு நிலைமை இன்னும் மோசம், அது உப்புத் தண்ணீர். அப்படிப்பட்ட வாகனத்துக்கு மாற்றி 5,000 கிலோமீற்றர்தான் ஆனது என்று பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. உடனே ஒயிலைப் பாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். வாகனத்தைச் சமமான இடத்தில் நிறுத்துங்கள், சீமெந்துத் தரை என்றால் நல்லது. பின்பக்கத்தை மட்டும் உயர்த்தினால் ஒயில் மட்டம் பிழையாகக் காட்டும். ஹான்ட்பிரேக் இழுத்து, கியரில் போட்டு, முன் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். எப்படியும் உயர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் நாலு பக்கமும் ஸ்ராண்ட் வைத்துச் சமமாக உயர்த்துங்கள். வெறும் ஜாக்கை நம்பி ஒருபோதும் கீழே போகாதீர்கள். மணல் முற்றத்தில் ஜாக் மெல்ல மெல்லப் புதையும், கீழே படுத்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

மாற்றுவதற்கு முன் சுன்னாகம் வரை ஒரு ஓட்டம் போய் வாருங்கள். சூடான ஒயில் லேசாக ஓடும், அடியில் தங்கிய துகளையும் சேர்த்துக்கொண்டு இறங்கும்.

டிபரன்சியலில் இரண்டு நட் இருக்கும். மேலே உள்ளது ஒயில் விட, அடியில் உள்ளது இறக்க. மேல் நட்டை முதலில் கழற்றுங்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. கீழ் நட்டைத் திறந்து பழைய ஒயில் எல்லாம் இறங்கிய பிறகு மேல் நட் இறுகிப் போய் வர மறுத்தால், ஒயில் இல்லாத வாகனத்தோடு முற்றத்தில் நிற்க வேண்டியதுதான். மேல் நட் வரவில்லை என்றால் ஒன்றையும் தொடாமல் பழைய ஒயிலோடேயே கராச்சுக்கு ஓட்டிப் போகலாம். பழைய ஹைலக்ஸ்களில் பெரும்பாலும் 24 இலக்கச் சொக்கெட் பொருந்தும், சில வாகனங்களில் 10 இலக்க அலன் கீ வேண்டும். திருகு ஸ்பனர் பிடித்தால் மூலை உருண்டுவிடும். அலன் வகை என்றால் குழிக்குள் இறுகிய மண்ணை ஆணியால் கிண்டி எடுத்துவிட்டுக் கீயைச் சுத்தியலால் தட்டி இறக்குங்கள்.

இறங்கும் ஒயிலைச் சும்மா பார்த்துவிட்டு விடாதீர்கள், இந்த வேலையில் பாதிப் பயன் அதில்தான் இருக்கிறது. கறுப்பாக, கந்தக நாற்றத்தோடு வந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. அது வயது போன ஒயில், அந்த நாற்றம் கியர் ஒயிலில் சேர்க்கும் கந்தகச் சேர்மானத்தினுடையது. பால் தேத்தண்ணி மாதிரிக் கலங்கி வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. கீழ் நட்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரலில் எடுத்து உரசிப் பாருங்கள். மை போலச் சாம்பல் நிறத்தில் வழவழ என்று இருந்தால் வழமையான தேய்மானம். நெருடும் சிம்பு, நகத்துண்டு அளவு இரும்பு என்று வந்தால் புது ஒயில் அதைக் குணமாக்காது. கிரவுண் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தையும் பெயரிங்கையும் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

தண்ணீர் கலந்திருந்தால் ஒருமுறை மாற்றுவது போதாது. மலிவான, ஆனால் சரியான தரத்து ஒயிலை விட்டுக் கொஞ்சத் தூரம் ஓட்டி, திரும்பவும் இறக்கிவிட்டுப் பிறகு நல்ல ஒயில் விடுங்கள். பிறீதரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். மூடி விரலால் தூக்கினால் எழும்ப வேண்டும். அடிக்கடி தண்ணீருக்குள் போகிறவர்கள் அதில் ஒரு குழாய் பூட்டி உயரத்தில் கொண்டுபோய் விடுவது நல்ல வேலை. பின் பிரேக் டிரம் பக்கம் ஒயில் கசிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அச்சு சீல் போனால் ஒயில் பிரேக் லைனரில் இறங்கும், பிரேக் பிடிக்காது.

புது ஒயில் ஜிஎல்-5 என்ற கியர் ஒயில் தரத்ததாக இருக்க வேண்டும். தடிப்பு எண், 80டபிள்யூ-90ஓ வேறோ, வாகனக் கையேட்டில் உள்ளபடி. இந்த டிபரன்சியலில் பினியன் என்ற சின்னப் பற்சக்கரம் கிரவுண் வீலின் மையத்துக்குக் கீழே பூட்டப்பட்டிருப்பதால் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே அழுத்தும். அந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் இந்தத் தரம். மிச்சம் இருக்கிற இஞ்சின் ஒயிலை விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விடவே கூடாது. எல்எஸ்டி வகை (ஒரு சில்லு மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிபரன்சியல்) என்றால் அதற்கென்றே உள்ள ஒயில் வேண்டும். முன் டிபரன்சியல், கியர்பொக்ஸ், முன் பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரிக்கும் ட்ரான்ஸ்பர் மூன்றும் தனித்தனி, ஒன்றில் விட்டது மற்றதுக்குப் போகாது.

கியர் ஒயில் தடிப்பானது. போத்தலைக் கொஞ்ச நேரம் வெயிலில் வையுங்கள், எங்கள் வெயில் அதற்காவது உதவட்டும். பிறகு கெப்பின் பெட்டிக்குள் ஒருவரை நிற்கவைத்து, புனல் பூட்டிய நீளமான பிளாஸ்ரிக் குழாயை மேல் நட்டின் ஓட்டைக்குள் விட்டால் பம்ப் இல்லாமலே தானாக இறங்கும். கீழ் நட்டைப் புது வொஷரோடு பூட்டியாகிவிட்டதா என்று அதற்கு முன் ஒருதரம் பாருங்கள். மேல் ஓட்டையால் மெல்ல வழியத் தொடங்கினால் மட்டம் சரி. இரண்டு நட்டையும் கையேட்டில் உள்ள அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

பழைய ஒயிலை வேலியோரம் ஊற்றாதீர்கள். கறையானுக்கு நல்லது என்று கட்டையில் பூசுவதையும் விடுங்கள். எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல், அதன் வெடிப்புகளால் மேலே விழுந்தது நேரே கிணற்றுக்குப் போகிறது. சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவு ஒயில் கிணறுகளில் கலந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. காசு கிடைத்தாலும் கிணறு பழையபடி வந்துவிடாது. வடித்த ஒயிலைப் புது ஒயில் வந்த போத்தல்களிலேயே ஊற்றி மூடி, கழிவு ஒயில் சேர்க்கும் கராச் ஒன்றில் கொடுங்கள்.

அடுத்த நாள் காலை நட் இரண்டின் அடியிலும் விரல் வைத்துப் பாருங்கள், ஈரம் இருந்தால் வொஷரைத் திரும்பப் பாருங்கள். ஓடும்போது ஊளைச் சத்தம் வருகிறது என்பதற்காகவே ஒயில் மாற்றுகிறீர்கள் என்றால், மாற்றிய பிறகும் அது வரக்கூடும். அப்போது பெயரிங்கைத்தான் பார்க்க வேண்டும்.