படிக்காமல் போட்ட கையெழுத்து சம்மதமாகுமா?

கேள்வி: என் 5 வயது மகனுக்கு ராத்திரி காய்ச்சலோடு வலிப்பு வந்தது. தனியார் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். “சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கம்மா” என்று நான்கைந்து தாள்களை நீட்டினார்கள், போட்டேன். வலிப்பு நின்று ஒரு மணி நேரம் கழித்து, முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்திருக்கிறார்கள். வாசலிலேயே இருந்த என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு வாரம் தலைவலியில் துடித்தான். கேட்டால், “நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க” என்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். என்ன பரிசோதனை, எதற்காக, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, மறுத்தால் என்ன ஆகும் என்று சொன்ன பிறகு கொடுப்பதே சம்மதம் என்று, சமீரா கோலி என்ற பெண் தன் மருத்துவர்மேல் போட்ட வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது.

உயிர் காக்கும் அவசரம் விதிவிலக்கு. பெற்றோரிடம் கேட்க நேரமில்லாமல் குழந்தைக்கு அறுவை செய்யும் மருத்துவர் குற்றவாளி அல்ல என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 30-ஆம் பிரிவே உதாரணம் காட்டுகிறது. ஆகவே வலிப்பை நிறுத்தப் போட்ட ஊசியைப் பற்றிக் கேள்வி எழுப்பாதீர்கள். மூளைக்காய்ச்சல் சந்தேகம் இருந்திருந்தால் முதுகு நீர்ப் பரிசோதனையும் தேவையானதே. வலிப்பு நின்ற பிறகு, வாசலில் நின்ற தாயிடம் இரண்டு வார்த்தை சொல்லாமல் செய்தார்களே, அதுதான் உங்கள் வழக்கு.

முதலில் கேஸ் ஷீட் (சிகிச்சைப் பதிவுகள்) முழுவதையும் எழுத்தில் கேளுங்கள். மருத்துவக் கவுன்சில் விதிப்படி 72 மணி நேரத்தில் தர வேண்டும். கேட்ட கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வந்ததும் சம்மதப் படிவத்தை நர்ஸ் குறிப்போடு வைத்துப் பாருங்கள். பரிசோதனையின் பெயர் எழுதியிருக்கிறதா? நேரம் போட்டிருக்கிறதா? விளக்கிய மருத்துவரின் கையெழுத்து எங்கே? நீங்கள் வெற்றுத் தாளில் போட்டிருந்தால், பரிசோதனையின் பெயர் பெரும்பாலும் பிறகு வேறொருவர் கையால் எழுதி நிரப்பப்பட்டிருக்கும். “ஃபைலுக்காக” என்று இப்போது கேட்டால் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அன்று யார் என்ன சொன்னார்கள் என்பதை இன்றே எழுதி வையுங்கள்.

பிறகு வக்கீல் நோட்டீஸ். பதில் சரியில்லையென்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மகனுக்காகப் புகார் கொடுக்கலாம். மருத்துவமனைக்குக் கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. கெடு 2 ஆண்டு. பில், தலைவலிக்குக் காட்டிய சீட்டுகள் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும்.

பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். சமீரா கோலி வழக்கில், அனுமதியின்றிக் கர்ப்பப்பையையே எடுத்ததற்குக் கிடைத்தது 25,000 ரூபாயும் மருத்துவக் கட்டணத் தள்ளுபடியும்தான். போலீஸ் புகார் வேண்டாம். கடுமையான அலட்சியம் என்று வேறொரு மருத்துவர் கருத்துத் தராமல் அது நகராது. உங்கள் வழக்கு அந்த வகையைச் சேர்ந்ததல்ல.