ஆளும் கட்சிக்குத்தான் பெரும்பான்மை என்னும்போது, சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் வரவுசெலவுத் திட்டத்தை விவாதித்து என்ன பயன்?

பயன் உண்டு. என் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரியில் நிதியமைச்சர் உரையாற்றும் அன்று காப்பிக்கடை வரை அரசாங்கம் தரும் பற்றுச்சீட்டுகளைப் (வவுச்சர்) பற்றிய பேச்சுதான். நான் காத்திருப்பது அதற்குப் பிறகு வரும் நாள்களுக்கு. சில நாள் பொது விவாதம் நடக்கும். அடுத்து அவை முழுவதும் ஒரு குழுவாகி, ஒவ்வோர் அமைச்சின் செலவையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளும். அப்போது அவையை நடத்தும் நாடாளுமன்ற நாயகரையே “தலைவர் அவர்களே” என்றுதான் விளிப்பார்கள்.

எழுந்து நிற்கும் உறுப்பினர், அந்த அமைச்சின் ஒதுக்கீட்டில் 100 வெள்ளியை (டாலரை) குறைக்க வேண்டும் என்பார். கோடிக்கணக்கில் செலவழிக்கும் அமைச்சிடம் 100 வெள்ளியா என்று முதலில் எனக்கும் விளங்கவில்லை. அதிபரின் பரிந்துரையை அமைச்சர் ஒருவர் தெரிவித்தாலொழிய, செலவைக் கூட்டும் தீர்மானத்தை உறுப்பினர் கொண்டுவர அரசமைப்புச் சட்டம் இடம் தராது. குறைக்கச் சொல்லத் தடையில்லை. ஆகவே பேருக்கு 100 வெள்ளியைக் குறைக்கச் சொல்லி, கிடைத்த சில நிமிடங்களில் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிடுவார். அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். பதில் வந்ததும் தீர்மானத்தை மீட்டுக்கொள்வார். கேள்வியும் பதிலும் அவைப் பதிவில் நிற்கும்.

என் அம்மா ஆறு வருடமாகப் படுக்கையில். இப்படிப்பட்டவர்களை வீட்டில் பராமரிக்க அரசாங்கம் தரும் இல்லப் பராமரிப்பு மானியம் 2019இல் மாதம் 200 வெள்ளியாகத் தொடங்கி, 2023இல் 400 வரை உயர்ந்தது. 2025 மார்ச்சில் சுகாதார அமைச்சின் முறை வந்தபோது, கைப்பேசியைத் தலையணையில் சாய்த்துவைத்து அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். 2026 ஏப்ரல் முதல் 600 வரை என்று அறிவித்தார்கள். கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. பராமரிப்பாளர்களுக்காக உறுப்பினர்கள் வருடா வருடம் எழுந்து பேசியதைக் கேட்டுவந்தவள் நான்.

வாக்கெடுப்பின் முடிவு முன்பே தெரிந்ததுதான், அதை மறுக்கவில்லை. தேர்தலில் நிற்காமல் நியமிக்கப்படும் நியமன உறுப்பினர்கள் பேசலாம், ஆனால் வரவுசெலவுத் திட்டத்துக்கான மசோதாவில் வாக்களிக்க முடியாது. ஆனால் முந்தைய அரசாங்கங்கள் சேர்த்த நிதியிருப்பைத் தொட வேண்டுமென்றால் பெரும்பான்மை மட்டும் போதாது, அதிபரும் சம்மதிக்க வேண்டும். 2009 பொருளாதார நெருக்கடியில் அதிபர் எஸ்.ஆர். நாதன் 490 கோடி வெள்ளிக்கு ஒப்புதல் தந்தார். செலவானது 400 கோடி. 2011இல் அரசாங்கம் அதைத் திரும்ப வைத்தது.

செலவழித்த பிறகு தலைமைக் கணக்காய்வாளர் குறைகளை எழுதுகிறார், பொதுக் கணக்குக் குழு அமைச்சுகளிடம் விளக்கம் கேட்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்த அறிக்கையைப் படிக்கிறோம்? அதுதான் என் வருத்தம்.

உங்களுக்கும் ஒரு கவலை இருந்தால் ஜனவரியிலேயே மக்கள் சந்திப்புக்குப் போய் உங்கள் தொகுதி உறுப்பினரிடம் சொல்லுங்கள். நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் போனேன்: அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க இரவில் எத்தனை முறை எழுகிறேன், டயப்பருக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று. அவர் அந்தத் தாளை வாங்கிவைத்துக்கொண்டார்.