விலா எலும்பு முறிவு: வலியைப் பொறுத்துக்கொள்ள விடாதீர்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 66. போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடது பக்கம் கீழ் விலா எலும்புகள் இரண்டில் முறிவு. எக்ஸ்ரே எடுத்து, வலி மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், கட்டுகூடப் போடவில்லை. இறுக்கிக் கட்டி, எண்ணெய் போட்டு உருவிவிடலாம் என்கிறார் அத்தை. அப்பாவோ மாத்திரையே வேண்டாம் என்று படுத்தே கிடக்கிறார். அடுத்த மாதம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து, பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் படி ஏறுவேன் என்று வேறு சொல்கிறார். – வாசகி, ஜார்ஜ்டவுன்

பதில்: கட்டு போடாமல் விட்டது அலட்சியம் இல்லை அம்மா, இப்போது அதுதான் முறை. இறுக்கிக் கட்டினால் நெஞ்சு விரியாது, மூச்சு மேலோட்டமாகவே போகும், நுரையீரலின் அடியில் சளி தேங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். உருவுவது அதைவிட மோசம். அத்தை அன்பில்தான் சொல்கிறார், ஆனாலும் கேட்காதீர்கள்.

எனக்குக் கவலை தருவது அப்பா மாத்திரையை மறுப்பதுதான். எலும்பு பெரும்பாலும் ஆறு வாரத்தில் தானாகவே கூடிவிடும். வலிக்குப் பயந்து இருமாமல், மூச்சை இழுக்காமல் கிடப்பதுதான் இந்த வயதில் ஆளைச் சாய்க்கிறது. வலி தாங்க முடியாமல் போகட்டும் என்று காத்திராமல், டாக்டர் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். பனடோல் (பாராசிட்டமால்) என்றால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக்கூடாது, ஈரல் கோளாறு இருந்தால் அதுவும் அதிகம்; சளிக்காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்துதான், சேர்த்துக் கணக்குப் பாருங்கள். மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து, அவரை நிமிர்ந்து உட்காரவைத்து, அடிபட்ட பக்கத்தில் தலையணையை அணைத்துப் பிடிக்கச் சொல்லி, மெதுவாக, ஆழமாகப் பத்து முறை மூச்சு விடச் சொல்லுங்கள், அப்புறம் நன்றாக ஒரு இருமல். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தரம் இதைச் செய்யட்டும். வீட்டுக்குள் நடக்கவும் வேண்டும்.

காய்ச்சல், மஞ்சளாகவோ பச்சையாகவோ சளி வந்தால் அன்றைக்கே காட்டுங்கள். திடீரென மூச்சுத் திணறினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ 999க்கு அழையுங்கள். இடது கீழ் விலாவுக்கு உள்ளே மண்ணீரல் இருக்கிறது. அது கிழிந்தால் சில நாள் கழித்துக்கூட ரத்தம் கசியலாம், அதனால் வயிற்று வலி, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, அடிபடாத இடது தோளில் வலி, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

தைப்பூசமா? இந்த வருடம் வேண்டாம். 500 படிக்கு மேல், தலையில் பால்குடம், கூட்டத்தில் ஒரு முழங்கை பட்டாலே போதும். எலும்பு கூடினாலும் வலி மூன்று மாதம்வரை இழுக்கும், அது வழக்கம்தான். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார், நீங்கள் போய்ச் செலுத்திவிட்டு வாருங்கள்.

நின்ற இடத்தில் விழுந்ததற்கே இரண்டு எலும்பு போயிருக்கிறது, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்று நீங்களே கேளுங்கள்.