4x4 வண்டியில் முதலில் எதை மாற்றலாம்: லிஃப்ட் கிட்டா, டயரா?

டயர்தான். லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்கள்) போட்டால் வண்டி கம்பீரமாகத் தெரியும், மறுப்பதற்கில்லை. ஆனால் அது மேலே இருப்பதைத்தான் தூக்கும். சாலிட் ஆக்ஸில் (இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே அச்சு இணைக்கும்) வண்டிகளில், பாறையில் முதலில் இடிக்கிற டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் கியர் தொகுதி) இருந்த உயரத்திலேயே கிடக்கும். அதைத் தூக்கப் பெரிய டயர் வேண்டும், அதிலும் பாதிதான் கணக்கு: 29 அங்குல விட்டமுள்ள டயரைக் கழற்றி 33 போட்டால் கூடுவது 4 அல்ல, 2 அங்குலம்.

அதன் பின்விளைவுகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 114-ஐ ஒட்டி ஓடிக்கொண்டிருப்பீர்கள். இழுவை குறையும், பிரேக்குக்கு வேலை கூடும், ஆக்ஸில் கியர் விகிதத்தையும் மாற்ற வேண்டி வரலாம். பட்ஜெட் போடும்போது பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

என்னைக் கேட்டால், கம்பெனி அளவிலேயே நல்ல ஆல்-டெரெய்ன் டயர் (தார்ச்சாலைக்கும் கரடுமுரடான தரைக்கும் ஏற்றது), காற்றழுத்தம் பார்க்க ஒரு பிரஷர் கேஜ், காற்றடிக்கச் சின்ன கம்ப்ரசர் போதும். மணலில் டயரின் காற்றழுத்தத்தை 35 பிஎஸ்ஐ-யிலிருந்து 18-க்கு இறக்கிப் பாருங்கள். டயர் தரையில் பதியும் நீளம் கூடி, புதையாமல் நகரும். தார்ச்சாலை ஏறும் முன் மறக்காமல் காற்றடியுங்கள், இல்லாவிட்டால் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும்.

அடுத்தது டிஃப் லாக், அதாவது டிஃபரன்ஷியலைப் பூட்டி இரு சக்கரங்களையும் சேர்ந்தே சுற்ற வைக்கும் அமைப்பு. அது இல்லாவிட்டால் ஒரு சக்கரம் அந்தரத்தில் சும்மா சுற்றும், தரையில் இருக்கும் இன்னொன்று அசையாது.

வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் கருவி) அப்புறம். அதற்கு முன் சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) போல்ட் போட்ட மீட்புக் கொக்கிகள் முன்னும் பின்னும் இருக்கட்டும். டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கி) இழுவைப் பட்டையை மாட்டி இழுக்கவே இழுக்காதீர்கள். உடைந்தால் பீரங்கிக் குண்டு மாதிரிப் பறந்து வரும்.