மகளுக்கு அங்க இன்சூரன்ஸ் போச்சு, எங்களுக்கு இஞ்ச என்ன?

கேள்வி: மகள் குடும்பம் அமெரிக்காவில. மருமகனுக்குப் போன மாதம் வேலை போட்டுது, வேலையோட இன்சூரன்சும் போட்டுதாம். மகளுக்கு தைரொயிட் இருக்கு. இனி மருந்துக்கு என்ன செய்வாள்? அவ்வளவு காசுள்ள நாட்டில ஏன் இப்பிடி?
- ஒரு அம்மா, கோண்டாவில்

பதில்: அம்மா, இண்டைக்கே மகளுக்குப் போன் எடுங்கோ. இன்சூரன்ஸ் நிண்ட நாளில இருந்து 60 நாளுக்குள்ள மார்க்கெட்பிளேஸ் எண்ட அரசாங்க ஏற்பாட்டில புதுசா எடுக்கலாம், அந்த நாளை விட்டா பிறகு வருசக் கடைசியில திறக்கிற மட்டும் பாத்துக்கொண்டு நிக்கவேணும். வருமானம் நல்லாக் குறைஞ்சிட்டுதெண்டா மெடிக்கெய்ட் எண்ட அரசாங்க உதவியையும் கேட்டுப் பாக்கட்டும், அது மாநிலத்துக்கு மாநிலம் வேற மாதிரி. பழைய கம்பனி இன்சூரன்சையே கோப்ரா எண்ட முறையில பொதுவா 18 மாதம் வைச்சிருக்கவும் ஏலும், ஆனா கம்பனி கட்டின பங்கையும் தாங்களே கட்டவேணும், வேலை இல்லாத வீட்டுக்கு அது சரியான பாரம்.

தைரொயிட்டுக்குப் பயப்பிடாதேங்கோ. 2010ல ஒபாமா கையெழுத்து வைச்ச சட்டத்தால, 2014ல இருந்து பழைய வருத்தம் இருக்கெண்டு மாட்டமெண்டு சொல்லவோ கூடக் காசு கேக்கவோ ஏலாது. 2017ல அந்தச் சட்டத்தைத் தூக்கப் பாத்தவை, செனட்டில 49க்கு 51 எண்டு தோத்துப்போச்சு. ஒண்டு கவனம், வெளியில மலிவா விக்கிற குறுகிய கால இன்சூரன்சுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, அதில கையெழுத்து வைக்கவேண்டாமெண்டு சொல்லுங்கோ.

ஏன் இப்பிடியெண்டா, ரெண்டாம் உலக யுத்தம் நடக்கேக்க அங்க சம்பளத்தைக் கூட்டக் கட்டுப்பாடு போட்டினம், ஆக்களை வேலைக்குப் பிடிக்கக் கம்பனியள் இன்சூரன்சைக் குடுத்தினம், பிறகு அதுக்கு வரியும் இல்லையெண்டு ஆக்க அப்பிடியே ஊறிப்போச்சு. மெடிக்கெயர், மெடிக்கெய்ட் எல்லாம் 1965லதான் வந்தது, அதுவும் வயசான ஆக்களுக்கும் வசதி குறைஞ்ச ஆக்களுக்கும்தான். நடுவில நிக்கிற உங்கட மகள் மாதிரி ஆக்களுக்கு வேலைதான் இன்சூரன்ஸ்.

கேள்வி: வயசு 54, எனக்கு சீனி வருத்தம். வீட்ட வந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் அதை ஃபோமில போடவேண்டாம் எண்டுறார். என்ன செய்ய?
- வாசகர், சுன்னாகம்

பதில்: போடுங்கோ ஐயா, கட்டாயம் போடுங்கோ. மறைச்சு எடுத்தா காசு கட்டுற வருசமெல்லாம் ஒரு பிரச்சினையும் வராது, க்ளெய்முக்குப் போற அண்டைக்குத்தான் உங்கட பழைய கிளினிக் கொப்பியைக் கேப்பினம், அந்த நேரம் ஏஜென்ட் உங்களுக்குப் பக்கத்தில நிக்கமாட்டார். எத்தினை மாதத்துக்குப் பிறகு க்ளெய்ம் பண்ணலாம், எந்த வருத்தத்துக்குத் தரமாட்டினம் எண்டு கேட்டு எழுத்தில வாங்குங்கோ. கனக்க பொலிசி வாட்டில படுத்தாத்தான் காசு தரும், மாதாமாதம் எடுக்கிற குளிசைக்கு இல்லை. பிறகு நியாயமில்லாமல் மறுத்தினமெண்டா இன்சூரன்ஸ் முறைப்பாடுகளை விசாரிக்கிற காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதலாம்.

கேள்வி: எங்கட ஆஸ்பத்திரியளையும் இன்சூரன்சுக்கு மாத்தினா நல்லதெண்டு சிலர் கதைக்கினமே?
- மாணவி, திருநெல்வேலி

பதில்: எனக்கு விருப்பமில்லைத் தங்கச்சி. இலங்கையில அரசாங்க ஆஸ்பத்திரியில கட்டணம் வாங்கிறதை நிப்பாட்டினது 1951ல. பெரியாஸ்பத்திரிக்கு ஒருத்தரைத் தூக்கிக்கொண்டு போனா இன்சூரன்ஸ் கார்ட் இருக்கோ எண்டு ஆரும் கேக்கிறேல்லை, அது சின்ன விஷயமில்லை. தோட்டம் செய்யிற, கடலுக்குப் போற, கூலிக்குப் போற சனத்துக்கு மாதச் சம்பளமே இல்லை, பிரீமியத்தை ஆர் வெட்டி ஆருக்குக் கட்டுறது?

அதுக்காக எல்லாம் சரியெண்டு சொல்ல வரேல்லை. என்ர அம்மா விடிய அஞ்சு மணிக்கு கொப்பியைப் பொலித்தீன் பையில சுத்திக்கொண்டு கிளினிக்குக்குப் போவா, மத்தியானம் வரேக்க கையில ரெண்டு குளிசை உறையும் வெளியில வாங்கச் சொன்ன ஒரு துண்டும் இருக்கும். 2022ல துண்டுதான் கூட. ஒரு பார்மசியில ஒரு கிழமைக்கு மட்டும் வாங்கினம், முழு மாதத்துக்குக் காசு காணேல்லை, மிச்ச நாளுக்கு அம்மா குளிசையைப் பாதியா உடைச்சுப் போட்டவ, எங்களுக்குச் சொல்லவும் இல்லை. பிறகு பிரஷர் ஏறித்தான் தெரிஞ்சது.

சீர்திருத்தம் எண்டு கதைக்கிற ஆக்கள் முதல்ல அந்தத் துண்டை நிப்பாட்டட்டும், மருந்து வாங்கக் காசு ஒதுக்கட்டும், ஒதுக்கின காசுக்கு மருந்து நேரத்துக்கு வந்து சேரட்டும். இப்போதைக்கு உங்கட வீட்டில ஆருக்கும் வெளித்துண்டு தந்தா முதல்ல அரசாங்கப் பார்மசியான ஒசுசலயில விலை கேளுங்கோ, அங்கயும் காசு காணாட்டி டொக்டரிட்டத் திரும்பிப் போய் வேற மருந்து இருக்கோ எண்டு கேளுங்கோ, குளிசையை மட்டும் உடைக்க விடாதேங்கோ.